33.50 டாலரா, 24 டாலரா: ஸ்பிரிட் ஏர்லைன்ஸ் எடுத்த முடிவைத் திரும்பக் கணக்குப் பார்த்தால்

ஒரு நிறுவனத்தை வாங்க இரண்டு பேர் போட்டி போடுகிறார்கள். ஒருவர் பங்குக்கு 33.50 டாலர், முழுக்க ரொக்கமாகத் தருகிறேன் என்கிறார். இன்னொருவர் தருவது அன்றைய நிலவரப்படி 24 டாலரை ஒட்டி வரும். அதிலும் பெரும்பகுதி ரொக்கம் இல்லை, அவருடைய நிறுவனத்தின் பங்குகள். விற்கப்போகும் நிறுவனத்தின் இயக்குநர் குழுவோ, குறைந்த விலைக்காரருக்கே வாக்களியுங்கள் என்று தன் பங்குதாரர்களிடம் மாதக்கணக்கில் மன்றாடிக்கொண்டிருக்கிறது. 2022இல் அமெரிக்காவின் ஸ்பிரிட் ஏர்லைன்ஸில் நடந்தது இதுதான்.

கேட்டவுடன் இயக்குநர்களுக்கு ஏதோ உள்நோக்கம் என்றுதான் தோன்றும். அதிக விலை சொன்ன ஜெட்புளூவும் அதையேதான் சொன்னது. ஆனால் விமான நிறுவனங்களை இணைப்பதில் விலை பாதிக் கதைதான். வாங்குகிறவரும் விற்கிறவரும் கையெழுத்துப் போட்ட பிறகு அரசு சரி என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் 33.50 டாலர் என்பது காகிதத்தில் எழுதிய எண். அந்த முடிவை இன்று திரும்பிப் பார்க்கும்போது, யார் சொன்னது சரி என்பதைவிட யாருக்கு எது சரி என்று பிரித்துப் பார்ப்பதுதான் பயனுள்ளது. பங்குதாரருக்குச் சரியான பதிலும் நிறுவனத்துக்குச் சரியான பதிலும் இங்கே ஒன்றாக இல்லை.

மேசை மேல் இருந்தவை

2022 பிப்ரவரி 7 அன்று ஸ்பிரிட்டும் ஃபிரன்டியரும் இணையப் போவதாக அறிவித்தன. ஒவ்வொரு ஸ்பிரிட் பங்குக்கும் 1.9126 ஃபிரன்டியர் பங்கும் 2.13 டாலர் ரொக்கமும். அன்றைய விலையில் 25.83 டாலர், மொத்தத்தில் 290 கோடி டாலர். இணைந்த நிறுவனத்தில் ஸ்பிரிட் பங்குதாரர்களுக்கு 48.5 விழுக்காடு. ஃபிரன்டியரின் தலைவர் பில் ஃபிராங்க், அதில் 80 விழுக்காட்டுக்கும் மேல் வைத்திருந்த இண்டிகோ பார்ட்னர்ஸ் முதலீட்டு நிறுவனத்தை நடத்துபவர். (நம் ஊர் இண்டிகோ விமான நிறுவனத்துக்கும் இதற்கும் பெயர் ஒற்றுமை தவிர வேறு தொடர்பில்லை.) 2013 வரை ஸ்பிரிட்டின் தலைவராகவும் இருந்தவர் இதே ஃபிராங்க்தான். ஜெட்புளூவின் உள்நோக்கக் குற்றச்சாட்டுக்கு இந்தப் பழைய உறவே ஆதாரம்.

ஏப்ரல் 5ஆம் தேதி ஜெட்புளூ அழைப்பில்லாமல் உள்ளே வந்தது. பங்குக்கு 33 டாலர், எல்லாம் ரொக்கம். 2016இல் வெர்ஜின் அமெரிக்காவை வாங்கப் போய் அலாஸ்கா ஏர்லைன்ஸிடம் தோற்ற நிறுவனம் அது. இன்னொரு வாய்ப்பையும் விட அதற்கு மனமில்லை. ஸ்பிரிட் மறுத்தது. ஜெட்புளூ இயக்குநர்களைத் தாண்டி நேரே பங்குதாரர்களிடம் போனது. ஃபிரன்டியர் ரொக்கத்தை 4.13 டாலராக உயர்த்தியது; ஆனால் அதற்குள் அதன் பங்கு விலை இறங்கியிருந்ததால் மொத்தம் 24 டாலரை ஒட்டியே நின்றது. அரசு தடுத்தால் 35 கோடி டாலர் முறிவுத் தொகை தருகிறேன் என்றது. ஜெட்புளூ அதற்கும் மேலே போய் விலையை 33.50 டாலராக்கி, முறிவுத் தொகை 40 கோடி என்றது. பங்குதாரர்கள் ஒப்புதல் தந்த உடனே பங்குக்கு 2.50 டாலர் முன்பணம், 2023 ஜனவரி முதல் மாதாமாதம் 10 சென்ட் தாமதப் பணம் என்று அடுக்கிக்கொண்டே போனது.

கையிலே காசு வாயிலே தோசை என்பது பங்குதாரர்களுக்குப் புரிகிற மொழி. ஃபிரன்டியர் இணைப்புக்கான வாக்கெடுப்பை ஸ்பிரிட் நான்கு முறை தள்ளி வைத்தது. ஆதரவு சேரவில்லை. ஜூலை 27 அன்று ஃபிரன்டியர் ஒப்பந்தம் முறிந்தது. மறுநாளே ஜெட்புளூவுடன் 380 கோடி டாலருக்குக் கையெழுத்து.

வாசலில் நின்றவர்கள்

இந்த ஒப்பந்தங்கள் கடக்க வேண்டிய வாசல்கள் மூன்று. முதலாவது நீதி அமைச்சகத்தின் போட்டிச் சட்டப் பிரிவு. இணைப்பால் போட்டி குறையும் என்று அது நினைத்தால் நீதிமன்றம் போகும். நேரடியாகத் தடை போடும் அதிகாரம் அதற்கு இல்லை, வழக்காடி வெல்ல வேண்டும். இரண்டாவது போக்குவரத்து அமைச்சகம். சர்வதேச வழித்தட உரிமங்கள் அதன் கையில் இருப்பதால், இரண்டு நிறுவனங்களை ஒரே உரிமையாளரின் கீழ் இயக்க அது விலக்கு தர வேண்டும். மூன்றாவது மாநிலங்களின் தலைமை வழக்கறிஞர்கள். இவர்கள் தனியாகவோ மத்திய அரசோடு சேர்ந்தோ வழக்குப் போடலாம். பெரும்பாலும் தேர்தலில் வென்று வந்தவர்கள் என்பதால் அவரவர் மாநில விமான நிலையம், அங்கே இருக்கும் வேலைகள், ஊர்க்காரர்கள் வாங்கும் டிக்கெட்டின் விலை ஆகியவைதான் இவர்களுக்கு முதல் கவலை.

இதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. 2001இல் யுனைடெட்–யுஎஸ் ஏர்வேஸ் இணைப்பு நீதி அமைச்சகத்தின் எதிர்ப்பால் கைவிடப்பட்டது. அதன் பிறகு கதவு அகலத் திறந்தது. 2008இல் டெல்டா–நார்த்வெஸ்ட், 2010இல் யுனைடெட்–கான்டினென்டல், 2011இல் சவுத்வெஸ்ட்–ஏர்டிரான். 2013இல் அமெரிக்கன்–யுஎஸ் ஏர்வேஸ் மீது வழக்குப் போட்ட அரசு, மூன்று மாதத்தில் சமரசமாகி, வாஷிங்டன் ரீகன் விமான நிலையத்திலும் நியூயார்க் லகார்டியாவிலும் சில ஸ்லாட்டுகளை (விமானம் ஏறி இறங்க ஒதுக்கிய நேரங்களை) விட்டுக்கொடுக்கச் சொல்லி அனுப்பிவைத்தது. முடிவில் நான்கு நிறுவனங்கள் உள்நாட்டுச் சந்தையில் ஏறத்தாழ 80 விழுக்காட்டைப் பிடித்துக்கொண்டன.

அந்த நால்வரும் உள்ளே போன பிறகு கதவு மூடத் தொடங்கியது. 2021 ஜூலையில் அதிபர் பைடன் போட்டியை ஊக்குவிக்கும் ஆணை ஒன்றைப் பிறப்பித்தார். விமானத் துறை அதில் பெயர் சொல்லியே இடம்பெற்றது. ஸ்லாட்டை வாங்கிக்கொண்டு சமரசமாகும் பழைய பழக்கத்தை வெளிப்படையாகவே சந்தேகித்த ஜோனதன் கேன்டர் போட்டிச் சட்டப் பிரிவின் தலைமைக்கு வந்தார். பெரியவர்கள் சாப்பிட்டு முடித்த பந்தியில் சின்னவர்களுக்கு மட்டும் அளவுச் சாப்பாடா என்று ஜெட்புளூ கேட்டதில் நியாயம் இருந்தது. நியாயம் இருப்பதும் அனுமதி கிடைப்பதும் வேறு வேறு.

ஃபிரன்டியர்: ஒரே ஜாதி இரண்டு பறவை

ஃபிரன்டியரும் ஸ்பிரிட்டும் ஒரே தொழிலைச் செய்தவை. வெறும் இருக்கைக்கு மட்டும் அடிமட்ட விலை. கைப்பெட்டிக்குத் தனிக் காசு, இருக்கையைத் தேர்ந்தெடுக்கத் தனிக் காசு, தண்ணீர் பாட்டிலுக்குத் தனிக் காசு. இரண்டிடமும் ஏர்பஸ் ஏ320 குடும்ப விமானங்கள் மட்டுமே. ஒன்றின் பலம் டென்வர், மற்றதன் பலம் ஃபுளோரிடா. ஆர்லாண்டோ, லாஸ் வேகஸ் போன்ற சுற்றுலா ஊர்களில் இரண்டும் முட்டிக்கொண்டன.

அனுமதி கோணத்தில் இதற்கு ஒரு பலம் இருந்தது. இணைந்த பிறகும் மலிவு டிக்கெட் மலிவு டிக்கெட்டாகவே இருக்கும் என்று நம்பும்படி சொல்ல முடிந்தது. அறிவிப்பிலேயே பயணிகளுக்கு ஆண்டுக்கு 100 கோடி டாலர் மிச்சம், 2026க்குள் 10,000 நேரடி வேலைகள் என்று எழுதியிருந்தார்கள். பங்குதாரருக்கான அறிவிப்பில் பயணியின் மிச்சத்துக்கு என்ன வேலை? அது வாஷிங்டன் படிப்பதற்காக எழுதியது.

பலவீனமும் இருந்தது, அதை இப்போது பலரும் மறந்துவிடுகிறார்கள். மலிவு விமானத் தொழிலில் முதல் இரண்டு இடத்தில் இருந்தவர்கள் சேர்கிறார்கள் என்றால், ஒருவரை ஒருவர் விலையில் இழுத்துப் பிடித்த போட்டி அதோடு போகும். செனட்டர் எலிசபெத் வாரன் உள்ளிட்ட நாடாளுமன்ற உறுப்பினர்கள் 2022 மார்ச்சிலேயே இந்த இணைப்பைக் கவனமாகப் பாருங்கள் என்று அரசுக்கு எழுதினார்கள். ஜெட்புளூ அப்போது களத்திலேயே இல்லை. ஃபிரன்டியர் என்றால் கண்ணை மூடிக்கொண்டு அனுமதி கிடைத்திருக்கும் என்று சொல்ல முடியாது. கிடைக்க வாய்ப்பு அதிகம், அவ்வளவுதான்.

ஜெட்புளூ: 20 இருக்கைகளின் கதை

ஜெட்புளூவின் திட்டத்தில் எது மாட்டிக்கொண்டது என்பதைப் பார்க்க விமானத்துக்குள்தான் போக வேண்டும். ஸ்பிரிட்டின் ஏ320இல் 182 இருக்கைகள். ஜெட்புளூ புதுப்பித்த அதே ஏ320இல் 162. பெரிய ஏ321இல் ஸ்பிரிட் 228 வைத்தது. ஜெட்புளூவின் ஒரே வகுப்பு ஏ321இல் 200. ஸ்பிரிட்டை வாங்கிய பிறகு அந்த மஞ்சள் விமானங்களில் இருக்கைகளைக் கழற்றி, கால் நீட்ட இடம் விட்டு, நீல வண்ணம் அடித்து ஜெட்புளூவாக்குவதுதான் திட்டம். பயணம் செய்கிறவருக்குச் சுகம்தான். ஆனால் கழற்றிய அந்த 20 இருக்கைகளில் உட்கார்ந்து வந்தவர்கள் பெரும்பாலும் 50, 60 டாலருக்கு டிக்கெட் கிடைத்தால் மட்டுமே கிளம்புகிறவர்கள். அவர்கள் இனி பஸ் பிடிப்பார்கள், அல்லது வீட்டில் இருப்பார்கள்.

நீதி அமைச்சகம் இதைப் பிடித்துக்கொண்டது. 2023 மார்ச் 7 அன்று தாக்கல் செய்த வழக்கில் இரண்டு எண்கள் முன்னால் நின்றன. ஸ்பிரிட் ஒரு வழித்தடத்துக்குள் நுழைந்தால் சராசரிக் கட்டணம் 17 விழுக்காடு குறைகிறது என்பது ஸ்பிரிட்டின் உள்ளாவணம். ஸ்பிரிட் விலகினால் 30 விழுக்காடு ஏறுகிறது என்பது ஜெட்புளூவின் உள்ளாவணம். எதிர்த்தரப்பு நிபுணர் தேவையில்லை, இரண்டு பேரும் எழுதி வைத்ததே போதும். இதற்கு மேல் இன்னொன்று: 2022இல் ஜெட்புளூவை விரட்ட ஸ்பிரிட் என்னென்ன சொன்னதோ, இருக்கை குறையும், கட்டணம் ஏறும், அரசு ஒத்துக்கொள்ளாது என்று, அத்தனையும் அரசின் வழக்குக்குத் தீனியாயின. வேண்டாத விலைக்காரரைத் துரத்த வாயில் வந்ததைச் சொல்கிற இயக்குநர்கள், நாளை அதே ஆளோடு கைகோத்து நீதிமன்றத்தில் நிற்க வேண்டி வரலாம் என்பதை நினைப்பதில்லை.

போதாததற்கு ஜெட்புளூ ஏற்கெனவே ஒரு வழக்கில் இருந்தது. பாஸ்டனிலும் நியூயார்க்கிலும் அமெரிக்கன் ஏர்லைன்ஸுடன் அது வைத்திருந்த வடகிழக்குக் கூட்டணி மீது 2021 செப்டம்பரிலேயே அரசு வழக்குப் போட்டிருந்தது. ஒரு கையால் சந்தையின் பெரிய நிறுவனத்தோடு கைகுலுக்கிக்கொண்டு, பெரியவர்களை எதிர்க்கத்தான் ஸ்பிரிட்டை வாங்குகிறோம் என்று இன்னொரு கையை உயர்த்துவது எடுபடவில்லை. கூட்டணியைக் கைவிடுங்கள் என்று ஸ்பிரிட் 2022 வசந்தத்திலேயே கேட்டது, ஜெட்புளூ மறுத்தது. 2023 மே மாதம் நீதிபதி லியோ சொரோகின் அந்தக் கூட்டணி சட்ட விரோதம் என்று தீர்ப்பளித்த பிறகே, ஸ்பிரிட்டைக் காப்பாற்றிக்கொள்ள அதைக் கைகழுவியது. ஓராண்டு தாமதம்.

விட்டுக்கொடுப்புகளையும் செய்து பார்த்தார்கள். லகார்டியாவில் ஸ்பிரிட்டின் இடங்களை ஃபிரன்டியருக்கும், பாஸ்டனிலும் நெவார்க்கிலும் உள்ளவற்றோடு ஃபோர்ட் லாடர்டேலின் சில வாயில்களை இன்னொரு மலிவு விமான நிறுவனமான அலீஜியன்ட்டுக்கும் தருவதாக ஏற்பாடு. ஃபுளோரிடா மாநிலம், தன் பக்கத்து வேலைகளுக்கும் விமானங்களுக்கும் உறுதிமொழி வாங்கிக்கொண்டு ஆதரவு தந்தது. மாசசூசெட்ஸும் நியூயார்க்கும் வழக்கில் அரசோடு சேர்ந்தன. போக்குவரத்து அமைச்சகமும் விலக்கு தரமாட்டேன் என்ற நிலையை எடுத்தது.

கணக்குப் போட்டால்

இவ்வளவு தெரிந்தும் பங்குதாரர்கள் ஜெட்புளூவைத் தேர்ந்தெடுத்தது பேராசையா? அப்படித் தோன்றவில்லை. தோராயமாகக் கணக்குப் போடுவோம். எண்கள் என் ஊகம், முறை பொதுவானது.

இணைப்பே நடக்காவிட்டால் ஸ்பிரிட் பங்கு 10 டாலருக்கு விழும் என்று வைப்போம். ஃபிரன்டியர் ஒப்பந்தம் நடந்தால் 24. தடுக்கப்பட்டால் அந்த 10 டாலரோடு முறிவுத் தொகையில் பங்குக்கு 3 டாலருக்குச் சற்று மேல். அனுமதி வாய்ப்பு 80 விழுக்காடு என்று தாராளமாகவே வைத்தால் ஃபிரன்டியரின் மதிப்பு 22 டாலருக்குச் சற்றுக் குறைவாக வருகிறது. ஜெட்புளூ ஒப்பந்தம் நடந்தால் 33.50, தடுக்கப்பட்டால் 10 டாலரோடு முன்பணமும் தாமதப் பணமுமாகச் சுமார் 4. ஜெட்புளூ அதே 22 டாலர் மதிப்பைத் தொட எத்தனை வாய்ப்பு வேண்டும்? 40 விழுக்காடு போதும். முன்பணம் எதுவும் இல்லாதிருந்தால் 50 வேண்டியிருக்கும். முன்பணத்தின் வேலையே அந்த இடைவெளியைக் குறைப்பதுதான்.

கையெழுத்தான அன்று ஸ்பிரிட் பங்கு 25 டாலரை ஒட்டியே நின்றது. 33.50 உறுதி என்றால் அங்கே நிற்காது. அதே கணக்கில் திருப்பிப் பார்த்தால், சந்தை இந்த இணைப்புக்குப் பாதிக்குச் சற்று மேல் வாய்ப்புக் கொடுத்தது என்று ஆகிறது. 40க்கு மேல் இருக்கிறதே, அப்படியென்றால் ஜெட்புளூவை எடுப்பது சரி. இயக்குநர்கள் சொன்ன ஆபத்தைப் பங்குதாரர்கள் கேட்காமல் விடவில்லை. கேட்டு, அதற்கு விலை போட்டு, அதையும் தாண்டி லாபம் இருக்கிறது என்று முடிவெடுத்தார்கள். அதோடு பங்குதாரர் எந்த நாளும் விற்றுவிட்டுப் போகலாம். ஃபிரன்டியர் பக்கம் ஒரு கூடுதல் சிக்கல்: அவர்கள் தருவது பங்கு. பிறகு ஃபிரன்டியர் பங்கே பாதிக்கும் கீழே போனது. பங்கு 5 டாலர் என்று வைத்துக்கொண்டால் 24 டாலர் ஒப்பந்தம் 14க்குச் சுருங்கிவிடும்.

இந்தக் கணக்கில் நிறுவனத்துக்கு என்று ஒரு வரியே இல்லை. முறிவுத் தொகையில் 40 கோடி பங்குதாரருக்கு; ஸ்பிரிட்டின் கல்லாவுக்கு என்று ஒதுக்கியது 7 கோடி. அரசு தடுத்தால் பங்குதாரருக்குக் காப்பீடு உண்டு. விமானிகளுக்கும் பணிப்பெண்களுக்கும் கடன் கொடுத்தவர்களுக்கும் கிடையாது. ஒப்பந்தம் நிலுவையில் இருக்கும் காலத்தில் நிறுவனம் பெரிய முடிவு எதையும் தன்னிச்சையாக எடுக்க முடியாது. வாங்கப்போகிறவரின் சம்மதம் வேண்டும், அல்லது காத்திருக்க வேண்டும். 2022 ஜூலை முதல் 2024 மார்ச் வரை ஸ்பிரிட் அப்படித்தான் கிடந்தது. 2019க்குப் பிறகு லாபமே பார்க்காத நிறுவனம் அது. அதே காலத்தில் பிராட் அண்ட் விட்னி எஞ்சின் கோளாறால் புதிய விமானங்கள் தரையில் நின்றன. பெரிய நிறுவனங்களும் மலிவு டிக்கெட்டைத் தாங்களே விற்கத் தொடங்கியிருந்தன. 2025இல் திருப்பிக் கட்ட வேண்டிய 110 கோடி டாலர் கடன் பத்திரம் நெருங்கிக்கொண்டிருந்தது. தொழிலையே மாற்றி அமைத்திருக்க வேண்டிய இருபது மாதங்கள் வழக்கறிஞர் அலுவலகத்தில் போயின.

2024 ஜனவரி 16 அன்று பாஸ்டனில் நீதிபதி வில்லியம் யங் இணைப்பைத் தடுத்தார். இவர் ரீகன் நியமித்த நீதிபதி என்பதைக் கவனிக்க வேண்டும்; இதை வெறும் பைடன் அரசியல் என்று தள்ளிவிட முடியாது. இணைந்த நிறுவனம் பெரிய நால்வரோடு இன்னும் பலமாக மோதும் என்பதை அவர் மறுக்கவில்லை. ஆனால் ஸ்பிரிட்டை நம்பியிருக்கும் பயணியின் இழப்பை அது ஈடு செய்யாது, போட்டியைக் காக்கும் 1914ஆம் ஆண்டின் கிளேட்டன் சட்டம் அதை அனுமதிக்காது என்றார். ஸ்பிரிட் சின்ன நிறுவனம்தான், ஆனாலும் அதை நேசிப்பவர்கள் இருக்கிறார்கள், இந்தத் தீர்ப்பு அவர்களுக்காக என்று தீர்ப்பிலேயே எழுதினார். அன்று ஸ்பிரிட் பங்கு 47 விழுக்காடு விழுந்தது. நாங்கள் தனியாகப் பிழைக்க முடியாத நிறுவனம் என்ற வாதத்தை இரு தரப்பும் நீதிமன்றத்தில் முறையாக வைக்கவே இல்லை என்பது இதில் விசித்திரம். வைத்திருந்தால் ஸ்பிரிட்டுக்குக் கடன் கொடுத்தவர்கள் அன்றே கதவைத் தட்டியிருப்பார்கள். வைக்காததால் நல்ல நிலையில் இருக்கும் போட்டியாளரை ஒழிக்கிறார்கள் என்ற அரசின் வாதம் நின்றது.

மார்ச் 4 அன்று ஒப்பந்தம் முறிந்தது. ஜெட்புளூ ஸ்பிரிட்டுக்கு 6.9 கோடி டாலர் கொடுத்தது. பங்குதாரர்களுக்கு அதுவரை சேர்ந்திருந்தது 42.5 கோடி.

எப்படிப்பட்டவை தாண்டின?

இதே காலத்தில் வேறு சில இணைப்புகள் அனுமதி பெற்றன என்பதால், ஜெட்புளூவின் தோல்விக்குக் காலத்தை மட்டும் குறை சொல்ல முடியாது. அலாஸ்கா–ஹவாயன் இணைப்பு 2023 டிசம்பரில் அறிவிக்கப்பட்டது. அதே பைடன் அரசு, அதே கேன்டர். நீதி அமைச்சகம் வழக்கே போடவில்லை. போக்குவரத்து அமைச்சகம் பயணிகள் சேர்த்து வைத்த சலுகை மைல்களின் மதிப்பைக் காப்பது, தீவுகளுக்கு இடையிலான சேவையைத் தொடர்வது போன்ற நிபந்தனைகளை விதித்து 2024 செப்டம்பரில் அனுப்பிவைத்தது. இரண்டு நிறுவனங்களும் மோதிய வழித்தடங்கள் பன்னிரண்டே. ஹவாயன் என்ற பெயரையும் வண்ணத்தையும் தொடமாட்டோம் என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். மஞ்சளை நீலமாக்குவோம் என்று சொன்னவர்களுக்கும் இவர்களுக்கும் உள்ள வித்தியாசம் அது.

கொரியன் ஏர்–ஏசியானா வேறு ரகம். அங்கே சொந்த நாட்டு அரசு எதிர்க்கவில்லை. அரசு வங்கியே முன்னின்று நடத்தியது. தடை வெளிநாடுகளிலிருந்து வந்தது. 2020 நவம்பரில் தொடங்கி 2024 டிசம்பரில் முடிய நான்கு ஆண்டுகள். ஐரோப்பிய ஆணையம் கேட்டது சில ஸ்லாட்டுகளை அல்ல. போட்டியாளர் ஒருவர் உண்மையிலேயே பறக்க வேண்டும் என்று கேட்டது. பார்சிலோனா, ஃபிராங்க்ஃபர்ட், பாரிஸ், ரோம் வழித்தடங்களை டிவே ஏர் என்ற சின்ன நிறுவனத்துக்குக் கொடுத்து, பறக்க விமானங்களையும் கொரியன் ஏரே கடனாகத் தந்தது. ஏசியானாவின் சரக்குப் பிரிவு முழுதாக விற்கப்பட்டது. வாங்கிய பொருளில் எவ்வளவு மிச்சம் என்று கேட்கும் அளவுக்கு விட்டுக்கொடுத்தார்கள், ஆனால் முடித்தார்கள்.

திருச்சியிலிருந்து சிங்கப்பூர் போகிறவர்களுக்கு இதில் நேரடிச் சம்பந்தம் உள்ள ஓர் உதாரணமும் உண்டு. ஏர் இந்தியா–விஸ்தாரா இணைப்பில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸுக்கு 25.1 விழுக்காடு வந்ததால், சிங்கப்பூரின் போட்டி ஆணையம் உள்ளே வந்தது. டெல்லி, மும்பை, சென்னை, திருச்சிராப்பள்ளி ஆகிய நான்கு நேரடி வழித்தடங்களிலும் கோவிடுக்கு முந்தைய அளவுக்கு இருக்கைகளைத் தொடர்ந்து தர வேண்டும் என்ற உறுதிமொழியை வாங்கிக்கொண்டு 2024 மார்ச்சில் சம்மதித்தது. போட்டியாளரை உருவாக்கும் நிபந்தனை அல்ல இது. இருக்கிறதைக் குறைக்காதே என்கிற நிபந்தனை. மேற்பார்வை இருக்கும் வரை வேலை செய்யும். ஜெட்புளூ இப்படி ஒன்றை எழுதித் தந்திருக்கவே முடியாது. இருக்கையைக் குறைப்பதுதானே அவர்கள் திட்டம்.

மூன்றாவது வழி

தனியாகவே இருந்துவிடுவது. 2022இல் இதை யாரும் பெரிதாகப் பேசவில்லை. இரண்டு பேர் போட்டி போட்டு விலை ஏற்றும்போது யார் பேசுவார்? இருபது மாதம் கையைக் கட்டிப்போடாமல், கடனைக் கொஞ்சம் முன்கூட்டியே நீட்டித்து, விமான எண்ணிக்கையைக் குறைத்திருந்தால் ஸ்பிரிட் தப்பித்திருக்கலாம். ஆனால் எஞ்சின் கோளாறும் பெரிய நிறுவனங்களின் மலிவு டிக்கெட்டும் அப்போதும் வந்திருக்கும். மூன்றிலும் இதுதான் பலவீனமானது என்றே எனக்குப் படுகிறது. ஜெட்புளூ ஒப்பந்தம் முறிந்ததும் ஸ்பிரிட் வந்து நின்றது இதே இடத்தில்தான், இன்னும் மோசமான நிலையில்.

ஆகவே 2022 ஜூலையில் யார் எதைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும்? சில மாதங்களில் விற்றுவிட்டு வெளியேறும் முதலீட்டாளர் என்றால் ஜெட்புளூ. விற்காமல் பிடித்துக்கொண்டவர் மட்டுமே மாட்டினார். ஊழியர் என்றால் ஃபிரன்டியர்: பாதி வாய்ப்புள்ள நல்ல சம்பளத்தைவிட முக்கால் வாய்ப்புள்ள சுமாரான வேலை மேல். கடன் கொடுத்தவர் என்றாலும் ஃபிரன்டியர்தான், அதுவும் வேகமாக. இயக்குநர் நாற்காலியில் இருந்தால் நான் ஜெட்புளூவிடம் இன்னும் 50 சென்ட் கேட்டிருக்க மாட்டேன். வடகிழக்குக் கூட்டணியை விட்டுவிட்டு வந்து கையெழுத்துப் போடு என்று கேட்டிருப்பேன். முறிவுத் தொகையில் பெரும்பங்கை நிறுவனத்தின் கல்லாவுக்கு எழுதச் சொல்லியிருப்பேன். ஜெட்புளூ ஒத்துக்கொள்ளாவிட்டால், அவர்களே தங்கள் வாய்ப்பை எவ்வளவு மதிக்கிறார்கள் என்பது தெரிந்துபோயிருக்கும்.

ஸ்பிரிட் 2024 நவம்பரில் சாப்டர் 11 திவால் பாதுகாப்புக்குப் போனது. பழைய பங்குகள் ரத்தாயின. 2025 ஜனவரியில் ஃபிரன்டியர் மறுபடி வந்தது. இந்த முறை 40 கோடி டாலர் கடன் பத்திரமும் 19 விழுக்காடு பங்கும் தருவதாகச் சொன்னது. 2022இல் அதே ஆள் கொடுத்தது 48.5. அந்த 19ம் ஸ்பிரிட்டுக்குக் கடன் கொடுத்தவர்களுக்குத்தான். ஸ்பிரிட் வேண்டாம் என்றது. மார்ச்சில் தனியாகத் திவாலிலிருந்து வெளியே வந்தது. ஆகஸ்ட் 29ஆம் தேதி இரண்டாவது முறையாகத் திவால் மனு போட்டது.